அதே சைஸ்ல போடுங்க, தம்பி



இந்த மாதம் முதலில் ஒரு தப்பை ஒத்துக்கொண்டுவிட்டு, பிறகுதான் மற்ற பேச்சு.

சென்ற இதழின் 14-ஆம் பக்கத்தில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் போட்டிருந்தோம். தகரக் கூரை, பலகைச் சுவர், வாசலில் வேட்டி சட்டையோடு ஏழெட்டு ஆண்கள், பின்னால் வரிசையாகப் பால்மரங்கள். 'அறுபதுகளில் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டம் ஒன்றின் கள்ளுக்கடை' என்று கீழே எழுதியிருந்தது. எழுதியது நான்தான்.

இதழ் வெளிவந்த மூன்றாம் நாள் போன் வந்தது. ஈப்போ புந்தோங்கிலிருந்து ஒரு அம்மா. குரலில் கோபமே இல்லை.

"தம்பி, அது கள்ளுக்கடை இல்லப்பா. கோயில். எங்கம்மா அப்பாவுக்குக் கல்யாணம் மந்திரிச்சது அங்கதான். எனக்குப் புதுநன்மை கொடுத்ததும் அங்கதான்."

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? உங்களுக்கே தெரியும். நான் சொன்னது இது: "படம் அனுப்பினவங்க அப்படித்தான் எழுதியிருந்தாங்கம்மா."

"ஓ, அப்படியா" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

மனசு கேட்கவில்லை. மேசை இழுப்பறையைத் திறந்து, படம் வந்த உறையை எடுத்தேன். படத்தைத் திருப்பினால் பென்சிலில் அழகாக எழுதியிருக்கிறது: 'தோட்டத்துக் கோயில், சாமியார் வந்த ஞாயிறு.' அதே உறையில் இன்னொரு படம், கள்ளுக்கடை. இரண்டையும் மாற்றிப் போட்டது நான். படம் அனுப்பியவர் ஒரு எழுத்துகூடத் தப்பாக எழுதவில்லை.

ஆக, தப்பு இரண்டு. முதலாவதைக் கவனக்குறைவு என்று சொல்லிக்கொள்ளலாம். இரண்டாவதற்கு அந்தப் பெயர் வைக்க முடியாது. இரண்டே விநாடியில், யோசிக்காமல், பழியை இன்னொருவர் தலையில் தூக்கி வைத்தேனே, அதற்கு என்ன பெயர்? தினமும் காலையில் ஜெபம் சொல்லிவிட்டு அலுவலகம் வருகிற ஆள் நான்.

அந்த வாரமே புந்தோங் போனேன். புந்தோங் என்றால் கச்சான்பூத்தே இல்லாமலா? ஒரு தட்டு நிறையக் கொண்டுவந்து வைத்தார் அம்மா. விஷயத்தைச் சொன்னேன். பென்சில் எழுத்தையும் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தை ஒட்டிப் பார்த்தவர் சிரித்துவிட்டார். இடப்பக்கத்திலிருந்து இரண்டாவதாக நிற்பவர் அவருடைய மாமாவாம். "இவரு ரெண்டு எடத்துக்கும் போறவருதான். அதனால பாதி சரியாத்தான் போட்டிருக்கீங்க."

மன்னிப்புக் கேட்டேன். அடுத்த இதழில் 'வருந்துகிறோம்' என்று போட்டுவிடுகிறேன் என்றேன்.

"மன்னிப்பெல்லாம் இருக்கட்டும். படத்தை மறுபடியும் போடுங்க. அதே சைஸ்ல போடுங்க, தம்பி. மூலையில பொடி எழுத்துல போட்டா யாரு படிப்பாங்க?"

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்த 'அதே சைஸ்' காதிலேயே இருந்தது.

மூலையில் பொடி எழுத்தில் திருத்தம் போடுவது எங்கள் தொழிலின் பழைய தந்திரம். தப்பு முழுப் பக்கத்தில் வரும். திருத்தம் கடைசிப் பக்கத்தில், விளம்பரத்துக்குக் கீழே, பூதக்கண்ணாடி வைத்துத் தேட வேண்டிய அளவில் வரும். யார் வருந்துகிறார், எதற்கு வருந்துகிறார் என்றுகூட இருக்காது. பத்திரிகைக்காரர்கள் மட்டும்தான் இப்படியா? நம் வீடுகளில் என்ன நடக்கிறது?

எங்கள் வீட்டுக் கதையையே சொல்கிறேன். அண்ணனுக்குப் பத்து வயது இருக்கும். அப்பா பால்வெட்டுத் தொழிலாளி. ஒருநாள் ஐந்து வெள்ளி காணாமல் போய்விட்டது. அந்தக் காலத்தில் எங்களுக்கு அது சின்னக் காசில்லை. அண்ணன்தான் எடுத்திருக்க வேண்டும் என்று அப்பா முடிவு கட்டிவிட்டார். லயத்து வாசலில், அந்தப் பக்கம் நாலு வீடும் இந்தப் பக்கம் நாலு வீடும் பார்க்க, அடி. அண்ணன் இல்லை இல்லை என்று கத்தியது கடைசி வீடு வரைக்கும் கேட்டிருக்கும்.

இரண்டு நாள் கழித்து அம்மா துணி ஊறப் போட்டார். பால் கறை படிந்த அப்பாவின் வெட்டுச் சிலுவார் பையிலிருந்து, நாலாக மடித்த பச்சை நோட்டு வந்தது. அப்பா அதைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. சாயங்காலம் அண்ணனைச் சைக்கிளில் உட்கார வைத்து டவுனுக்குக் கூட்டிப் போய் ஐஸ் கச்சாங் வாங்கிக் கொடுத்தார். அவ்வளவுதான். அப்பாவின் அகராதியில் மன்னிப்பு என்றால் அதுதான்.

அண்ணனுக்கு இப்போது அறுபது தாண்டிவிட்டது. போன கிறிஸ்துமஸுக்கு எல்லாரும் கூடியபோது சொன்னார்: "ஐஸ் கச்சாங் நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா பக்கத்து வீட்டுப் பாட்டி சாகுற வரைக்கும், நான் வாசல்ல நின்னா காசு வச்சிருக்கிற மைலோ டின்னை எடுத்து உள்ள வச்சிடும்."

அப்பாவைக் குறை சொல்ல எழுதவில்லை. பிள்ளையிடம் சமாதானம் ஆகத் தெரிந்த மனிதர் அவர். பல வீடுகளில் அதுகூட இல்லை. ஆனால் அடி எட்டு வீட்டுக்கு முன்னால் விழுந்தது, ஐஸ் கச்சாங் யாருக்கும் தெரியாமல் கொடுக்கப்பட்டது. அந்த எட்டு வீட்டிலும் அண்ணன் திருடனாகவே இருந்தான்.

நாம் கிறிஸ்தவர்கள். தப்பை ஒத்துக்கொள்வதைச் சின்ன வயதிலேயே பாடமாகப் படித்தவர்கள். பாட்டி காலத்து ஞானோபதேசத்தில் அதற்கு ஒரு வரிசையே உண்டு: ஆத்தும சோதனை, மனஸ்தாபம், இனிச் செய்யமாட்டேன் என்ற பிரதிக்கினை, பாவசங்கீர்த்தனம், கடைசியில் அபராதம். இப்போது ஒப்புரவு அருட்சாதனம் என்கிறோம். மெதடிஸ்ட், லூத்தரன் சபை வாசகர்களுக்குக் குருவிடம் போய்ச் சொல்லும் வழக்கம் இல்லாவிட்டாலும், ஞாயிறு ஆராதனையில் பாவ அறிக்கை உண்டு. ஆக, வாரம் தவறாமல் எல்லாரும் 'நான் பாவி' என்று சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்கு வருகிறோம். வீட்டுக்கு வந்த பிறகு 'நீ சொன்னதுதான் சரி, நான் சொன்னது தப்பு' என்று மனைவியிடம் சொல்ல வாய் வருகிறதா?

சாமியாரிடம் சொல்லியாயிற்று, கடவுள் மன்னித்துவிட்டார், கணக்குத் தீர்ந்தது என்று நினைக்கிறோம். கணக்குத் தீர்ந்தது கடவுளோடு. தம்பியோடு? பீடத்துக்குக் காணிக்கை கொண்டுவரும்போது சகோதரனுக்கு உன்மேல் மனத்தாங்கல் இருப்பது ஞாபகம் வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் அவனிடம் போ என்று இயேசு சொன்னது மலைப்பொழிவில் இருக்கிறது. கவனியுங்கள், உனக்கு அவன்மேல் மனத்தாங்கல் இருந்தால் என்று அவர் சொல்லவில்லை.

இரகசியமாகச் சொல்லும் பாவசங்கீர்த்தனமே திருச்சபையில் பின்னால் வந்த வழக்கம்தான். முதல் சில நூற்றாண்டுகளில் பெரிய பாவம் செய்தவர்கள் ஊர் அறியத் தவம் செய்தார்கள். சபையார் எல்லாரும் பார்க்கத்தான் மறுபடி ஏற்றுக்கொள்ளப்பட்டார்கள். கி.பி. 390-இல் உரோமைப் பேரரசன் தெயதோசியுஸ் தெசலோனிக்கா நகரில் மக்களைக் கொன்று குவித்தபோது, மிலான் ஆயர் அம்புரோஸ் அவனுக்கு நற்கருணை கொடுக்க மறுத்தார். அரச உடையைக் களைந்துவிட்டு, சாதாரண மக்களோடு மக்களாகக் கோயிலில் நின்று அழ வேண்டியிருந்தது அந்தப் பேரரசனுக்கு. ஒருவர் காதில் இரகசியமாகச் சொல்லும் வழக்கத்தை ஆறு, ஏழாம் நூற்றாண்டுகளில் ஐரிஷ் துறவிகள் பரப்பினார்கள். 1215-இல் நான்காம் லாத்தரன் சங்கம், எல்லாரும் ஆண்டுக்கு ஒரு தடவையாவது அப்படிச் செய்ய வேண்டும் என்று சட்டமாக்கியது.

இரகசியம் நல்லதுதான். பயந்தவனும் வெட்கப்பட்டவனும் வாய்திறக்க அது இடம் கொடுத்தது. ஆனால் அந்த இரகசியத்துக்குள் நாம் சௌகரியமாகக் குடியேறிவிட்டோமோ என்றும் எனக்குத் தோன்றுகிறது.

தன் தப்பை ஒளிக்காத ஒருவரைப் பாருங்கள். எங்கள் பாட்டி அவரை இராயப்பர் என்றுதான் சொல்வார். பேதுரு. திருச்சபையின் முதல் தலைவர். சேவல் கூவுவதற்குள் மூன்று தடவை 'எனக்கு அவரைத் தெரியாது' என்று சொன்னவர். இந்தக் கதை நான்கு நற்செய்திகளிலும் இருக்கிறது. மாற்கு தன் நற்செய்தியைப் பேதுருவின் வாயால் கேட்டு எழுதினார் என்பது பழைய மரபு. அது சரியென்றால், கணப்பு நெருப்பின் ஓரத்தில் ஒரு வேலைக்காரப் பெண்ணுக்குப் பயந்து தன் மானம் போன கதையை, கேட்டவர்களிடமெல்லாம் அவரே சொல்லிக்கொண்டிருந்தார் என்று ஆகிறது. நம்மில் எந்தத் தலைவர் அப்படிச் செய்வார்? கோயில் கமிட்டித் தலைவராவது செய்வாரா?

அந்தப் பேதுரு பிறகும் ஒரு தடவை சறுக்கினார். அந்தியோக்கியாவில் யூதரல்லாத கிறிஸ்தவர்களோடு ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், எருசலேமிலிருந்து சிலர் வந்ததும் நைசாக விலகிக்கொண்டார். சின்னப்பர், அதாவது பவுல், அதை எல்லார் முன்னிலையிலும் முகத்துக்கு நேரே தட்டிக் கேட்டார். கலாத்தியருக்கு எழுதிய கடிதத்தில் இது இருக்கிறது. பந்தியில் பேதம் பார்த்தது எல்லார் கண்ணிலும் பட்டது. அதைத் தனியாகக் கூப்பிட்டுக் காதில் சொல்லியிருந்தால், பந்தியில் விடப்பட்டவர்களுக்கு என்ன ஆறுதல்?

பந்தி என்றதும் நமக்கு என்ன ஞாபகம் வருகிறது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளம் என்று ஓர் ஊர். அங்கே 1870-களில் கட்டிய கோயிலுக்கு இரண்டு கால் வைத்த சிலுவார் மாதிரி இரண்டு கூடங்கள். நடுவில் சுவர். மேல்சாதி என்று சொல்லிக்கொண்டவர்களுக்கு ஒரு பக்கம், மற்றவர்களுக்கு ஒரு பக்கம், இருவருக்கும் ஒரே பீடம். 1910-இல் கௌசானல் அடிகளார் காலத்தில் அந்தச் சுவரை இடித்தார்கள். சுவர் வேண்டும் என்றவர்கள் சென்னை உயர் நீதிமன்றம் வரை போனார்கள், தோற்றார்கள். கட்டும்போது ஊரே பார்த்தது. இடிக்கும்போதும் ஊரே பார்த்தது. அதன் பிறகும் நூறு வருடத்துக்கு மேல் ஆனது, திருச்சபைக்குள் தீண்டாமை இருக்கிறது, அது பாவம் என்று இந்தியக் கத்தோலிக்க ஆயர்கள் 2016 டிசம்பரில் ஒரு கொள்கை ஆவணமாகவே எழுதி வெளியிட.

கப்பலேறி வந்த நம் தாத்தா பாட்டிகள் அந்தச் சுவரைக் கொண்டுவரவில்லை. வேறு எதையோ கொண்டுவந்தார்கள். பெண் பார்க்கப் போன வீட்டில் "உங்க பூர்வீகம் எந்த ஊர்?" என்று கேட்கும்போது, நாம் ஊரையா கேட்கிறோம்?

பெரியவர்களும் தப்பு செய்வார்கள், மெல்ல மெல்லத்தான் திருந்துவார்கள் என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ். 2018 ஜனவரியில் அவர் சிலி நாட்டுக்குப் போனார். அங்கே ஓர் ஆயர் மீது புகார். சிறுவர்களைச் சீரழித்த குரு ஒருவரின் செயல்கள் இவருக்குத் தெரிந்தும் மறைத்தார் என்று, பாதிக்கப்பட்டவர்களே சொன்னார்கள். நிருபர்கள் கேட்டபோது திருத்தந்தை, ஆதாரம் கொண்டுவாருங்கள், பிறகு பேசுகிறேன், இதெல்லாம் அவதூறு என்று சொல்லிவிட்டார். நாடே கொந்தளித்தது.

திரும்பும் விமானத்தில் மன்னிப்புக் கேட்டார். எதற்கு? 'ஆதாரம்' என்ற சொல்லைப் பயன்படுத்தியதற்கு. ஆயர் மீது தப்பில்லை என்றே அப்போதும் சொன்னார். இது நமக்குப் பழக்கமான மன்னிப்புதானே? "நான் சொன்ன விதம் தப்பா இருந்தா மன்னிச்சிரு." சொன்ன விஷயம் தப்பு என்று மட்டும் வராது.

ஆனால் அவர் அங்கேயே நிற்கவில்லை. பேராயர் சிக்லூனாவை விசாரிக்க அனுப்பினார். 64 பேர் சாட்சி சொன்னார்கள். அறிக்கை 2,300 பக்கம். அதைப் படித்த பிறகு ஏப்ரலில் சிலி ஆயர்களுக்கு எழுதிய கடிதத்தில், நிலைமையைக் கணிப்பதில் கடுமையான தவறுகளைச் செய்துவிட்டேன் என்று ஒத்துக்கொண்டார். அதிலும் 'சரியான தகவல் கிடைக்காததால்' என்று ஒரு வால் ஒட்டியிருந்தது. படித்தபோது சிரித்தேன். இப்போது சிரிக்க முடியாது. 'அனுப்பினவங்க அப்படித்தான் எழுதியிருந்தாங்க' என்று சொன்ன ஆள் நான். பிறகு, யாருடைய புகாரை அவதூறு என்று சொன்னாரோ, பாதிக்கப்பட்ட அந்த மூன்று பேரையும் வத்திக்கானில் தான் தங்கியிருந்த இடத்துக்கே வரவழைத்தார். ஒவ்வொருவரையும் தனித்தனியாக உட்கார வைத்து, அவர்கள் பேசி முடிக்கும் வரை கேட்டார். மன்னிப்பும் கேட்டார். உலகம் கேட்கச் சொன்ன வார்த்தையை உலகம் அறியத் திரும்ப எடுத்துக்கொண்டார். அதனால் அவர் மரியாதை குறைந்ததா? எனக்குத் தெரிந்து இல்லை.

நம் அளவுக்கு இறங்கி வருவோம். கோயில் வாட்ஸ்அப் குரூப்பில் இருநூறு பேர் இருக்கிறார்கள். யாரோ ஒருவர் வீட்டுப் பிள்ளையைப் பற்றி ஒரு செய்தி வருகிறது. உண்மையா என்று கேட்காமல் தட்டிவிடுகிறோம். மறுநாள் பொய் என்று தெரிகிறது. என்ன செய்கிறோம்? சத்தமில்லாமல் அழித்துவிடுகிறோம். 'இந்த மெசேஜ் நீக்கப்பட்டது.' படித்த இருநூறு பேரின் மனதில் இருப்பதை யார் நீக்குவது? 'நேற்று நான் அனுப்பியது பொய். தப்பு என்மேல்' என்று அதே குரூப்பில் ஒரு வரி போட அரை நிமிடம் ஆகுமா?

இதற்காக எல்லாவற்றையும் மைக் பிடித்துச் சொல்லச் சொல்லவில்லை. சில தப்புகளை வெளியே சொன்னால் பாதிக்கப்பட்டவர்தான் மறுபடியும் அவமானப்படுவார். அங்கே வாயை மூடிக்கொள்வதுதான் மரியாதை. ஜெபக்கூட்டத்தில் சாட்சி சொல்கிறவர்களையும் பார்க்கிறோம். இருபது வருடத்துக்கு முன் குடித்ததையும் அடித்ததையும் ரசித்து ரசித்துச் சொல்வார்கள். போன வாரம் மருமகளைத் திட்டியது மட்டும் அதில் வராது.

இன்று இன்னொரு தடையும் உண்டு, தூரம். முன்பெல்லாம் லயத்தில் சண்டை நீளாது. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே பலகைச் சுவர், விடிகாலையில் ஒரே குழாயடி. முகத்தைத் திருப்பிக்கொண்டு எத்தனை நாள் தண்ணீர் பிடிப்பது? பிறகு, தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்கும் துண்டாடல் வந்தது. சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் சம்பந்தன், 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளிகளின் காசைச் சேர்த்தே தோட்டங்களை வாங்கிக் காப்பாற்றப் பார்த்தார். ஆனாலும் எத்தனையோ தோட்டங்கள் போய்விட்டன. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பல இடங்களில் அதுவும் போய்த் தாமான் வீடுகள் வந்தன. ஜனங்கள் ஈப்போவுக்கும் கிள்ளானுக்கும் ஜொகூருக்கும் சிங்கப்பூருக்கும் சிதறினார்கள். யாரிடம் போய்ச் சொல்ல வேண்டுமோ அவர் எந்த ஊரில் இருக்கிறார் என்றே இன்று பலருக்குத் தெரியாது. தவக்காலத்துக்குத் தவக்காலம் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தால், ஒருநாள் இறப்புச் செய்திதான் வரும்.

புந்தோங் அம்மாவின் தோட்டமும் இன்று செம்பனைக் காடு. லயம் இல்லை, குழாயடி இல்லை, கோயிலும் இல்லை. மாதம் ஒருமுறை சாமியார் வந்து பூசை வைத்த அந்தக் கோயில் இருந்தது என்பதற்கு மிச்சமிருக்கும் அடையாளம் அந்த ஒரு படம்தான் என்று அவர் சொன்னார். அதற்குக் கீழேதான் நான் கள்ளுக்கடை என்று எழுதினேன்.

பேராக்கில் தமிழ்க் கத்தோலிக்கர் கதை நீளமானது. 1880-களில் பிரெஞ்சுக் குரு ரெனே ஃபே தமிழ்க் குடும்பங்களைப் பாகான் செராயில் குடியேற்றிய சூசைப்பாளையத்தைப் பற்றி எழுதுகிறோம், ஈப்போ சிலிபின் லூர்து மாதா கோயிலைப் பற்றி எழுதுகிறோம். தகரக் கூரை போட்ட தோட்டத்துக் கோயில்களைப் பற்றி எழுதுவதே இல்லை. உங்கள் வீட்டு ஆல்பத்தில் அப்படி ஒரு படம் இருந்தால் எங்களுக்கு அனுப்புங்கள். பின்பக்கம் பென்சிலில் எழுதி அனுப்புங்கள். இனி நான் திருப்பிப் பார்ப்பேன்.

இந்த இதழிலிருந்து 'திருத்தம்' என்று ஒரு பகுதி தொடங்குகிறோம். தப்பு எந்தப் பக்கத்தில் வந்ததோ, அடுத்த மாதம் அதே பக்கத்தில், அதே அளவில் வரும். யார் தப்பு என்றும் இருக்கும். எங்கள் தப்பு எதையாவது கண்டால் தயங்காமல் எழுதுங்கள், போன் செய்யுங்கள். முதல் திருத்தம் 14-ஆம் பக்கத்தில், முழுப் பக்கம். அதன் வாசகத்தை இங்கேயும் தருகிறேன்:

சென்ற இதழில் இந்தப் பக்கத்தில் வந்த படம் கள்ளுக்கடை அல்ல, தோட்டத்துக் கோயில். படம் அனுப்பிய வாசகர் சரியாகவே எழுதியிருந்தார். தவறு ஆசிரியருடையது.